ஏழாம் மாதத்தில் தெரியும் நோய், மூன்றாம் மாதத்தில் தொடங்குகிறது

மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "என் தங்கைக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு நடத்தினோம். அடுத்த வாரமே முகமும் கையும் வீங்கிவிட்டன. ரத்த அழுத்தம் 160க்குப் போய்விட்டது. 32ஆம் வாரத்திலேயே சிசேரியன் செய்து குழந்தையை எடுத்தார்கள். இருவரும் நலம். ஊர்க்கண் பட்டுவிட்டது என்கிறார் அம்மா. அதுவரை ரத்த அழுத்தமே இல்லாத பெண்ணுக்கு இப்படித் திடீரென்று வருமா?"

திடீரென்று வரவில்லை. வளையல் அடுக்குவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே, கரு உண்டானதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லலாமா வேண்டாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்த நாட்களிலேயே, இது தொடங்கிவிட்டது. எங்கே, எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

நோயின் பெயர் பிரீஎக்லாம்சியா. தமிழில் முன்சூல்வலிப்பு என்று எழுதுகிறார்கள். கர்ப்பத்தின் 20ஆம் வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90ஐத் தாண்டும். சிறுநீரில் புரதம் போகும். அல்லது கல்லீரல், சிறுநீரகம், தட்டணுக்கள் ஆகியவற்றில் ஒன்று பழுதுபடும். முற்றினால் வலிப்பு வரும். அதைத்தான் பெரியவர்கள் ஜன்னி என்றார்கள். உலகில் நூறு கர்ப்பங்களில் இரண்டு முதல் எட்டு வரை இந்த நோய்க்கு ஆளாகின்றன. பேறுகாலத்தில் இறக்கும் பெண்களில் ஏறத்தாழ 14 சதவீதத்தினரை உயர் ரத்த அழுத்தமும் அதன் விளைவுகளும் கொண்டுபோகின்றன. ரத்தப்போக்குக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

லண்டனின் கைஸ் மருத்துவமனையில் ஜான் லீவர் என்ற மருத்துவர் 1843லேயே ஒன்றைக் கவனித்தார்: வலிப்பு வந்த கர்ப்பிணிகளின் சிறுநீரில் புரதம் இருந்தது. அதனால் இது சிறுநீரக நோயாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றியது. ஆனால் முத்துப்பிள்ளை கர்ப்பம் என்று நம் பெண்கள் சொல்லும் நிலையை எண்ணிப் பாருங்கள். முழுமையான முத்துப்பிள்ளையில் குழந்தையே உருவாகாது. நஞ்சுக்கொடித் திசு மட்டும் குமிழ் குமிழாகப் பெருகும். அந்தப் பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது, அதுவும் வழக்கத்தைவிட முன்னதாகவே. குழந்தை இல்லாமல் வரும். நஞ்சுக்கொடி இல்லாமல் வராது. நஞ்சுக்கொடி வெளியே வந்தபின்தான் நோய் தணியத் தொடங்கும். எனவே சிறுநீரகத்தை விட்டுவிட்டுக் கருப்பைக்குள் போவோம்.

கருப்பையின் உட்சுவருக்கு ரத்தம் கொண்டுவருபவை சுருள் தமனிகள். பெயருக்கேற்பச் சுருண்டு சுருண்டு வரும். அவற்றின் சுவரில் தசை உண்டு, தேவைப்படும்போது இறுகிக்கொள்ளும். மாதவிடாயின்போது ரத்தப்போக்கு அளவோடு நிற்பதற்கு இந்த இறுக்கம் உதவுகிறது. ஆனால் கர்ப்பத்தில் இதே குணம் ஆபத்து. குழந்தைக்கு இரவும் பகலும் தடையில்லாமல் ரத்தம் வேண்டும். தாய் பயந்தால் இறுகும், குளிர்ந்தால் இறுகும் தமனி அங்கே உதவாது.

இங்கே நடப்பதை நான் எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை. நஞ்சுக்கொடியின் ஓரத்திலிருந்து டிராஃபோபிளாஸ்ட் என்ற செல்கள் கழன்று, தாயின் திசுவுக்குள் நகர்ந்து போகின்றன. அவை கருவின் செல்கள். மரபணுவில் பாதி தந்தையுடையது. அப்படிப்பட்ட அயல் செல்கள் தாயின் ரத்தக்குழாய்களைத் தேடிப் போய், சில உள்ளே நுழைகின்றன, சில வெளிச்சுவரைச் சூழ்கின்றன. முதல் வேலையாகத் தமனிகளின் வாயை அடைக்கின்றன. ஆம், அடைக்கின்றன. ஏறத்தாழ முதல் பத்து வாரங்கள் தாயின் ரத்தம் நஞ்சுக்கொடிக்குள் தாராளமாகப் பாய்வதில்லை. கரு அந்த நாட்களில் கருப்பைச் சுரப்பிகள் சுரக்கும் ஊட்டத்தைக் கொண்டே வளர்கிறது. அங்கே ஆக்சிஜனின் அழுத்தம் எட்டாம் வாரத்தில் 20 மில்லிமீட்டர் பாதரச அளவில்தான் இருக்கும். பன்னிரண்டாம் வாரத்தில் 60ஐ எட்டுகிறது. உறுப்புகள் உருவாகும் மென்மையான கட்டத்தில் மிகுதியான ஆக்சிஜன் தீங்கு செய்யும், அதனால்தான் இந்தக் காவல் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

வாயை அடைத்து வைத்திருக்கும் காலத்திலேயே இன்னொரு வேலையும் நடக்கிறது. தமனிச் சுவரின் தசையும் மீள்தன்மை தரும் இழைகளும் கரைக்கப்படுகின்றன. அவற்றின் இடத்தில் இறுகவே தெரியாத ஒரு பொருள் படிகிறது. குழாயின் வாய் பல மடங்கு அகன்று புனல் வடிவத்துக்கு வருகிறது. மாற்றம் மேல்பரப்போடு நிற்பதில்லை. கருப்பைத் தசையின் உள்புற மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரை இறங்குகிறது. பிறகு அடைப்பு தளர்கிறது, ரத்தம் உள்ளே வருகிறது. இனி அந்தத் தமனி தாயின் பயத்துக்கும் குளிருக்கும் இறுகாது. தாயின் உடலில் தாயின் நரம்புகளுக்குக் கட்டுப்படாத குழாய்கள் சில இருக்கின்றன என்றால், அவை இவைதான். ராபர்ட்சன், புரோசன்ஸ், டிக்சன் ஆகிய மூவரும் 1967இல் இந்த மாற்றத்தை விரிவாக எழுதினார்கள். பிரசவத்துக்குப் பின் கருப்பைச் சுவரிலிருந்து எடுத்த சிறு திசுத் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்துக் கண்டறிந்தது அது.

வாய் அகன்றால் அதிக ரத்தம் வரும், அதனால் குழந்தைக்கு நல்லது என்று பாடப்புத்தகங்கள் நிறுத்திக்கொள்கின்றன. கேம்பிரிட்ஜின் கிரஹாம் பர்ட்டன் குழுவினர் 2009இல் கணக்கிட்டுக் காட்டியது இதைவிட நுட்பமானது. அகலம் கொடுக்கும் பெரிய பலன் வேகக்குறைவு. மாறாத தமனியிலிருந்து ரத்தம் நொடிக்கு ஒன்று முதல் இரண்டு மீட்டர் வேகத்தில் பீறிடும். மாறிய தமனியிலிருந்து நொடிக்குப் பத்து சென்டிமீட்டர் அளவில் நிதானமாக வரும். குழாயின் வாயை விரலால் அழுத்திப் பிடித்து நாற்றங்காலுக்குத் தண்ணீர் அடித்தால் நாற்று பிடுங்கிக்கொண்டு போகும். விரலை எடுத்துவிட்டால் அதே தண்ணீர் வேர் நனையப் பரவும். நஞ்சுக்கொடிக்குள் ரத்தத்தில் தோய்ந்து நிற்கும், விரல் போன்ற நுண்கிளைகளான விரலிகள் அந்த நாற்றைப் போல மெலிந்தவை. எல்லா விரலிகளின் பரப்பையும் விரித்தால் பத்து சதுர மீட்டரைத் தாண்டும். அத்தனை பரப்பிலும் ஆக்சிஜன் கடந்து செல்ல அவகாசம் வேண்டும். பீறிடும் ரத்தம் விரலிகளைச் சிதைக்கும், அவகாசமும் தராது.

தாயின் நோய் எதிர்ப்பு மண்டலம் இதையெல்லாம் எப்படிப் பொறுத்துக்கொள்கிறது? பொறுத்துக்கொள்வதோடு நிற்காமல் உதவியும் செய்கிறது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் கருப்பை உட்சுவரில் குவியும் வெள்ளையணுக்களில் பெரும்பகுதி இயற்கைக் கொல்லிச் செல்கள். பெயர் கொடூரமானது, ஆனால் கருப்பையில் இவை கொல்வதில்லை. கருவின் செல் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதத்தைத் தொட்டுப் பார்க்கின்றன. கேம்பிரிட்ஜின் ஆஷ்லி மொஃபெட் இதற்காகவே பல ஆண்டுகள் உழைத்தவர். தாயின் கொல்லிச் செல்லிலுள்ள ஏற்பியும் கருவின் புரதமும் சில வகையில் சேர்ந்தால், தமனி மாற்றம் ஆழமாக இறங்குகிறது. வேறு சில வகையில் சேர்ந்தால் மேலோட்டமாக நின்றுவிடுகிறது. கரு அந்தப் புரதத்தை அம்மாவிடமிருந்தும் பெறலாம், அப்பாவிடமிருந்தும் பெறலாம். "இவள் உடம்பே சரியில்லை" என்று மருமகளைப் பேசும் மாமியார்கள் இந்த ஒரு வரியையாவது படிக்க வேண்டும்.

மாற்றம் மேலோட்டமாக நின்றுவிட்ட கர்ப்பத்தில் என்ன ஆகும்? ஆழத்தில் தசை அப்படியே இருக்கிறது. தமனி இறுகுகிறது, தளர்கிறது. நஞ்சுக்கொடிக்கு ஆக்சிஜன் ஒரு நேரம் குறைகிறது, மறுநேரம் வெள்ளமாக வருகிறது. நான்காம் மாதக் கரு உள்ளங்கை அளவுதான். அதற்கு இது போதும், வெளியே ஒன்றும் தெரியாது. ஏழாம் மாதத்தில் குழந்தை ஒரு கிலோவை எட்டுகிறது. தேவை பெருகுகிறது, வரவு பெருகவில்லை. அப்போது நஞ்சுக்கொடி தாயின் ரத்தத்தில் சில புரதங்களைக் கொட்டுகிறது.

அவற்றில் முக்கியமானதை 2003இல் பாஸ்டனில் இந்திய வம்சாவளிச் சிறுநீரக மருத்துவரான அனந்த் கருமஞ்சியின் குழு கண்டுபிடித்தது. எஸ்எஃப்எல்டி-1 என்று பெயர். ரத்தக்குழாய்களின் உட்பூச்சு நலமாக இருக்க விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி வேண்டும். செல்லின் மேல் அதைப் பிடிக்கும் ஏற்பி ஒன்று உண்டு. அந்த ஏற்பியின் வால் அறுந்த வடிவம்தான் எஸ்எஃப்எல்டி-1. செல்லில் ஊன்றாமல் ரத்தத்தில் மிதந்து, வளர்ச்சிக் காரணியை வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. எலிகளின் உடலில் இதை மிகுதியாகச் சுரக்கச் செய்தபோது, ரத்த அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் போனது, சிறுநீரகத்தில் இந்த நோய்க்கே உரிய பழுது தெரிந்தது. வேறு துறைகளிலும் துப்புகள் கிடந்தன. விஇஜிஎஃபைத் தடுக்கும் புற்றுநோய் மருந்து பெறுபவர்களுக்கும் ரத்த அழுத்தம் ஏறும், புரதம் போகும். இந்தப் புரதத்துக்கான மரபணு 13ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அந்தக் குரோமோசோம் மூன்று பிரதிகளாக உள்ள கருவைச் சுமக்கும் பெண்களுக்கு இந்த நோய் அதிகம் வருகிறது.

சிறுநீரகம், கல்லீரல், மூளை மூன்றும் ஏன் ஒன்றாக அடிபடுகின்றன என்பதும் இப்போது விளங்கும். சிறுநீரக வடிகட்டியிலும் கல்லீரலிலும், மூளையில் சில இடங்களிலும் ரத்தக்குழாய்ச் சுவர் நுண்துளைகள் கொண்டது. அந்தத் துளைகள் ஒழுங்காக இருக்க விஇஜிஎஃப் தொடர்ந்து வேண்டும். அது கிடைக்காமல் போனதும் முதலில் கெடுவது அங்கேதான்.

கண்ணேறு பற்றி வாசகரின் அம்மாவிடம் நான் சண்டை போட மாட்டேன். சுற்றிப் போடுவதால் யாருக்கும் கேடில்லை. ஆனால் வீக்கத்தைப் பார்த்ததும் முதலில் சுற்றிப் போட்டு, பிறகு இரண்டு நாள் பொறுத்துப் பார்த்து, அதன்பின் மருத்துவமனைக்குப் போன குடும்பங்கள் உண்டு. அந்த இரண்டு நாள் மீதுதான் எனக்குக் கோபம். கடுமையான தலைவலி, கண் மங்கல், வலது விலா எலும்புக்குக் கீழே வலி, முகவீக்கம் இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி இருக்கிறது. 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002இல் வெளியான மேக்பை ஆய்வில், அது வலிப்பின் ஆபத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தது. விலை மலிவு. சாப்பாட்டில் உப்பை அறவே நிறுத்துவதோ இந்த நோயைத் தடுக்காது.

தடுப்பதற்கு வழி உண்டா? ஓரளவு உண்டு. ஆபத்து அதிகமுள்ள 1,776 பெண்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வில், 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36ஆம் வாரம் வரை இரவுதோறும் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்தவர்களில், 37 வாரத்துக்கு முன்பே பிரசவிக்க நேர்ந்த நோய் 1.6 சதவீதத்தினருக்கு வந்தது; எடுக்காதவர்களில் 4.3 சதவீதம். தொடங்கும் காலத்தைக் கவனியுங்கள்: தமனி வேலை நடக்கும் அதே வாரங்கள். வாசகரின் தங்கை மீண்டும் கருவுற்றால், முதல் பரிசோதனையிலேயே இந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும். ஆஸ்பிரின் வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். கால்சியமும் உதவுகிறது. பெங்களூருவில் 11,000 பெண்களிடம் நடந்த ஆய்வில், நாளுக்கு 500 மில்லிகிராம் கொடுத்தாலே 1,500 மில்லிகிராமுக்கு இணையான பலன் இருப்பது 2024இல் தெரியவந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நோய் வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதய நோயும் பக்கவாதமும் வரும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு. பிரசவத்தோடு கோப்பை மூடிவிடக் கூடாது. ஆண்டுக்கொரு முறை ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.

டிராஃபோபிளாஸ்ட் செல்கள் அளவுக்கு மீறி ஆழமாகப் போனாலும் கேடுதான். முந்தைய சிசேரியன் தழும்பில், அவற்றை நிறுத்தும் உட்சுவர் இருக்காது. நஞ்சுக்கொடி அங்கே ஒட்டினால் தசைக்குள் வேரோடிப் போய், பிரசவத்தில் பிரியாமல் பெரும் ரத்தப்போக்கை உண்டாக்கும். ஒவ்வொரு சிசேரியனுக்கும் இந்த ஆபத்து ஏறிக்கொண்டே போகிறது. தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தேவையில்லாத முதல் சிசேரியனைப் பற்றி நாம் இன்னும் உரக்கப் பேச வேண்டும்.

இவ்வளவு பெரிய வேலை செய்யும் உறுப்பைப் பிரசவ அறையில் வாளியில் போட்டுக் கொண்டுபோய்விடுகிறோம். அமெரிக்க அரசு 2014இல்தான் மனித நஞ்சுக்கொடித் திட்டம் என்ற பெயரில் தனி ஆராய்ச்சியைத் தொடங்கியது. இந்தியாவில் 2015 முதல் குருகிராம் மாவட்ட அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிகளைத் தொடக்கம் முதல் பின்தொடரும் 'கர்ப்-இனி' ஆய்வு நடக்கிறது. அதன் தரவுகளைக் கொண்டு இந்தியப் பெண்களுக்கேற்ற கர்ப்பகாலக் கணிப்பு முறையை உருவாக்கியதில் சென்னை ஐஐடிக்குப் பங்கு உண்டு. தமிழ்நாடு எல்லாக் கர்ப்பங்களையும் பிக்மி எண் கொடுத்துப் பதிவு செய்கிறது. கிராம சுகாதாரச் செவிலியர்கள் மாதந்தோறும் அழுத்தமும் எடையும் குறிக்கிறார்கள். அந்தப் பதிவுகளோடு இணைத்து, நம் அரசு மருத்துவக் கல்லூரிகள் சிலவற்றிலாவது நஞ்சுக்கொடித் திசுக்களைச் சேமித்து வைக்கும் ஒரு வங்கி வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்கச் சொல்லி நான் தயங்காமல் கேட்பேன். மொஃபெட்டும் உகாண்டா மருத்துவர்களும் சேர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நோயிலிருந்து காக்கும் ஒரு மரபணுப் பகுதி கம்பாலாவின் பெண்களிடம் கிடைத்தது. ஐரோப்பியப் பெண்களிடம் அது இல்லை. அங்கே போய்த் தேடியதால்தான் அது தெரிந்தது. நம் பெண்களிடம் எது காக்கிறது, எது காக்கவில்லை என்பதை இங்கே தேடினால்தான் தெரியும்.