ஐந்தை மறுபடி எண்ணாத நாள்

மூன்று வயதுக் குழந்தை முன்னால் ஐந்து புளியங்கொட்டைகளை வைத்து எண்ணச் சொல்லுங்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று தொட்டுத் தொட்டுச் சரியாகவே எண்ணும். சரி, மொத்தம் எத்தனை என்று கேட்டால் பல குழந்தைகள் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். கடைசியாகச் சொன்ன "அஞ்சு" அந்தக் கடைசிக் கொட்டைக்கு மட்டும் உரியதல்ல, மொத்தக் குவியலுக்கும் உரியது என்பது இன்னும் பிடிபடவில்லை. கெல்மன், காலிஸ்டெல் என்ற உளவியலாளர்கள் 1978இல் எண்ணுவதற்கான ஐந்து விதிகளைச் சொன்னார்கள். அதில் ஒன்று இது. இது வராமல் கூட்டல் வராது.

வந்தபிறகும் 5+3 என்றால் குழந்தை ஐந்தை எண்ணி, மூன்றை எண்ணி, இரண்டையும் சேர்த்து மறுபடி ஒன்றிலிருந்து எண்ணும். நமக்குப் பொறுமை போய்விடும். ஆனால் ஒருநாள் ஐந்தை எண்ணாமல் விட்டுவிட்டு, "ஆறு, ஏழு, எட்டு" என்று மேலே போகும். கூட்டலில் பெரிய தாவல் என்று நான் நினைப்பது இதைத்தான். அப்புறம் 2+7 கேட்டாலும் ஏழிலிருந்தே தொடங்கும். முதல் வகுப்புப் பிள்ளைகள் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தை குரோன், பார்க்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அளந்து 1972இல் வெளியிட்டார்கள். இரண்டில் சின்ன எண் எதுவோ, அது வளர வளர நேரமும் கூடியது. பெரிய எண்ணிலிருந்து தொடங்கி, சின்ன எண்ணை மட்டும் எண்ணிப் போகிறார்கள் என்பதற்கு அது அடையாளம்.

அந்தத் தாவலுக்குக் கொஞ்சம் உதவலாம். ஐந்து கொட்டைகளை எண்ணவிட்டு, ஒரு டம்ளரைக் கவிழ்த்து மூடுங்கள். பக்கத்தில் மூன்றை வையுங்கள். மூடியதை எண்ண முடியாது, அதனால் ஐந்தை மனதில் வைத்துத்தான் தொடர வேண்டும். முதலில் "அஞ்சு, ஆறு, ஏழு" என்று புதுக் கொட்டைக்கு ஐந்தையே சூட்டி, ஏழு என்று சொல்லும். டம்ளரைத் தூக்கிக் காட்டினால் போதும், தானே திருத்திக்கொள்ளும். விரலை மடக்கி எண்ணாதே என்று அதட்டுவதுதான் கெடுதல்.

கழித்தலில் சிரமம் பின்னோக்கி எண்ணுவது. 9−2க்கு இரண்டு படி இறங்கினால் போதும். 9−7க்கு ஏழு படி இறங்குவதைவிட ஏழிலிருந்து ஒன்பதுக்கு ஏறுவது சுலபம். மளிகைக் கடை அண்ணாச்சி இதை வெகுநாளாகச் செய்கிறார். 73 ரூபாய்க்குப் பொருள் வாங்கி நூறு ரூபாய் நோட்டை நீட்டினால், இரண்டு ரூபாய் வைத்து "எழுபத்தஞ்சு", ஐந்து வைத்து "எண்பது", இருபது வைத்து "நூறு" என்பார். கழிக்கவே இல்லை, மீதி மட்டும் சரியாக வந்துவிடும்.

இரண்டு இலக்கம் வந்ததும் வேறு வம்பு. 52−27 எவ்வளவு என்றால் நிறையப் பிள்ளைகள் 35 என்று எழுதும். கவனக்குறைவு என்று அடித்துவிடுகிறோம். ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று என்று பிள்ளை விதிப்படிதான் நடந்திருக்கிறது. "பெரிசிலிருந்துதான் சின்னதைக் கழிக்கணும்" என்று முதல் வகுப்பில் சொன்னது நாம்தானே!

கடன் வாங்குவதைச் சொல்லும் முன் குச்சிகளை எடுங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு. ஐம்பத்திரண்டு என்ற பேரிலேயே அது இருக்கிறது. இதில் ஏழு குச்சி கொடு என்று கேளுங்கள். இருக்கும் இரண்டைக் கொடுத்துவிட்டுக் குழந்தை உங்கள் முகத்தைப் பார்க்கும். கொஞ்ச நேரத்தில் அதுவே ஒரு கட்டை எடுத்து ரப்பர் பேண்டைக் கழற்றும்.