ரத்தக்குழாய் எண்ணிக்கை ஆயுள் கணக்கு இல்லை

இந்த வாரமும் ஒரு மகள் ரிப்போர்ட்டோடு லேபுக்கே வந்துவிட்டார். அம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய். ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரியை மஞ்சள் மார்க்கரால் கோடிட்டிருந்தார்: நுண்ரத்தக்குழாய் அடர்த்தி அதிகம், அதாவது கட்டிக்குள் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் நெருக்கமாக இருக்கின்றன. "இன்னும் எத்தனை மாசம் டாக்டர்?"

வழக்கமான ரிப்போர்ட்டில் இந்த எண்ணே இருக்காது. யாரோ ஆய்வுக்காக எண்ணியதை இதிலும் சேர்த்துவிடுகிறார்கள். அப்புறம் அந்த வரி வாட்ஸ்அப்பில் குடும்பம் முழுக்கச் சுற்றுகிறது.

நான் பேத்தாலஜிஸ்ட், திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் மருத்துவர். அதை எண்ணுவதே என்னைப் போன்றவர்கள்தான். சிடி34 என்ற புரதத்துக்குச் சாயமேற்றும் பரிசோதனையில் ரத்தக்குழாயின் உட்சுவர் பழுப்பாகத் தெரியும். ஸ்லைடு முழுக்க ஓட்டிப் பார்த்து, குழாய்கள் நெருக்கமாக உள்ள இடங்களைப் பொறுக்கி, அங்கே மட்டும் எண்ணுவோம். பழுப்பாக ஒற்றை செல் தெரிந்தாலும் ஒரு குழாய் என்றே கணக்கு. எந்த இடத்தைப் பொறுக்கினோம் என்பதிலேயே எண் மாறிவிடும்; அடுத்த மேசைக்காரர் எண்ணினால் இன்னொன்று வரும். எத்தனைக்கு மேல் போனால் 'அதிகம்' என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லையும் கிடையாது. சில ஆய்வுகளில் அடர்த்தி கூடியவர்களுக்கு ஆயுள் குறைந்தது. சிலவற்றில் தொடர்பே தெரியவில்லை. இதை வைத்து ஒருவருக்கு நாள் குறிப்பது எப்படி?

கட்டி தனக்காக வளர்த்துக்கொள்ளும் புதுக் குழாய்கள் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. அவை இல்லாமல் கட்டி சில மில்லிமீட்டரைத் தாண்டாது என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-லேயே எழுதினார். வயிற்றில் நீர் கோப்பதிலும் புதுக் குழாய் வளரத் தூண்டுவதற்காகக் கட்டி சுரக்கும் விஇஜிஎஃப் என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது குழாய்களைக் கசிய வைக்கிறது. விஇஜிஎஃப்பைத் தடுக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்தைக் கீமோவோடும் பிறகும் கொடுத்த ஜிஓஜி-218 ஆய்வில் (2011), நோய் தலைதூக்காத காலம் இடைநிலைக் கணக்கில் 10.3 மாதத்திலிருந்து 14.1 ஆனது. மொத்த ஆயுள் எல்லோருக்கும் கூடிவிடவில்லை. அதே மருந்தைச் சோதித்த ஐகான்7 ஆய்வில், நோய் முற்றியிருந்தவர்களுக்குத்தான் அந்தப் பலன் தெரிந்தது.

இன்னொன்று. சினைப்பை மாதாமாதம் முட்டை வெளியேறியதும் புது ரத்தக்குழாய் போடுகிற உறுப்பு. மாதவிலக்கு நிற்காத பெண்ணின் ஸ்கேனில் 'ரத்த ஓட்டம் அதிகம்' என்று பார்த்ததும் அலற வேண்டாம். மருத்துவர் சொன்னால் சில வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள்.

சரி, எதைக் கேட்க வேண்டும்? நோய் எந்த நிலை, எந்த வகை, ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணுக்குத் தெரியும் கட்டி மிச்சம் இருக்கிறதா, பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை ஆயிற்றா. ஆயுளைப் பற்றி இவை சொல்வதில் பாதிகூட என் எண் சொல்லாது. இரண்டாவது கருத்துக்குப் போனால் ஸ்லைடுகளையும் திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்குகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். ரிப்போர்ட்டின் ஜெராக்ஸை வைத்து யாரும் மறுபடி பார்க்க முடியாது.

பெவாசிசுமாப் ஏறுகிறதா? வீட்டிலேயே பிபி பாருங்கள், சிறுநீரில் புரதப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். பல் பிடுங்குவதானாலும் முதலில் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள், புண் ஆறாமல் போகலாம். திடீரென்று கடுமையான வயிற்றுவலி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம்.

ஐம்பதைத் தாண்டிய அக்காமார், அம்மாமார்களிடம் ஒரு கெஞ்சல். வயிறு உப்பசம், நாலு வாய் சாப்பிட்டதும் நிறைந்துபோவது, அடிக்கடி சிறுநீர் என்று வாரக்கணக்கில் நீடித்தால் கேஸ் மாத்திரை போதும் என்று இருந்துவிடாதீர்கள். மகளிர் மருத்துவரிடம் போய், வயிற்று ஸ்கேனும் சிஏ-125 ரத்தப் பரிசோதனையும் தேவையா என்று கேளுங்கள். "போன வருஷம் பாப் ஸ்மியர் நார்மல்தானே" என்று சொல்லாதீர்கள். அது கருப்பை வாய்க்கான பரிசோதனை, சினைப்பையைப் பார்ப்பதே இல்லை.