பொம்பெயியின் சாந்து மனிதர்கள்

பண்டைய ரோமானியர்களைப் பற்றிய ஆவணப்படங்களில், எரிமலைச் சாம்பலில் புதைந்த இத்தாலியின் பொம்பெயி நகரம் தவறாமல் வந்துவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும் வெளிறிய மனித உருவத்தைக் கேமரா மெல்லச் சுற்றிவரும். குழந்தையை அணைத்தபடியே உயிர்விட்ட தாய் என்று பின்னணிக் குரல் சொல்லும். பார்ப்பவர்களில் பலர் அதைக் கல்லாகிப்போன உடல் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது, உடல் கிடந்த இடத்தில் பின்னாளில் ஊற்றப்பட்ட சாந்து. அந்தத் தாய் ஓர் ஆண் என்பதும் 2024-இல் தெரியவந்தது.

சாந்து உருவம் எப்படிப் பிறக்கிறது என்பது, கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை அந்த ஊரின்மேல் எதை முதலில் கொட்டியது, எதைப் பிறகு கொட்டியது என்பதைப் பொறுத்தது. முதலில் எழுந்தது பல கிலோமீட்டர் உயரமான சாம்பல் தூண். நேப்பிள்ஸ் விரிகுடாவின் மறுமுனையில் மிசேனத்தில் இருந்த 17 வயது இளைய பிளினி, பின்னாளில் ரோமானிய எழுத்தாளரானவர், அதைப் பார்த்தார். பைன் மரம்போல் மேலே கிளை விரித்து நின்றது என்று வரலாற்றாசிரியர் டாசிட்டசுக்குப் பின்னாளில் எழுதினார். அந்தத் தூணிலிருந்து நுரைக்கற்கள் (துளைகள் நிறைந்த இலேசான எரிமலைக் கற்கள்) பல மணி நேரம் விடாமல் பொழிந்து, ஏறத்தாழ 3 மீட்டர் உயரத்துக்குக் குவிந்தன. பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்து பலர் மாண்டார்கள். மறுநாள் காலை, கொதிக்கும் வாயுவும் நுண்ணிய சாம்பலும் கலந்த பெருக்கு தரையோடு பாய்ந்து, எஞ்சியிருந்தவர்களையும் மூடியது.

நுரைக்கல்லில் புதைந்தவர்களுக்குச் சாந்து உருவம் கிடையாது. அந்தக் கற்கள் ஒன்றோடொன்று ஒட்டாதவை. சதை மக்கியதும் அவை உள்ளே சரிந்து இடத்தை நிரப்பிவிடும். எலும்புக்கூடு மட்டும் மிஞ்சும். பொம்பெயியில் கண்டெடுக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இந்த அடுக்கில் கிடந்தவர்களே. ஆவணப்படங்கள் இவர்களை அநேகமாகக் காட்டுவதே இல்லை, காட்டுவதற்கு முகமோ உடையோ இல்லாததால் இருக்கலாம்.

மறுநாள் வந்த நுண்சாம்பல் வேறுவகை. அது உடலின் ஒவ்வொரு வளைவிலும் படிந்து, பிறகு இறுகிக் கெட்டியானது. உள்ளே உடல் மெல்ல மக்கிக் கரைந்தபோது சாம்பல் சரியவில்லை. சிற்பி மெழுகு உருவத்தைச் சுற்றி மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிய பின் கிடைக்கும் அச்சு எப்படியோ, அப்படியொரு வெற்று அச்சு நிலத்தடியில் உருவாகி, எலும்புகளைத் தாங்கியபடி பதினேழு நூற்றாண்டுகளுக்கு மேல் கிடந்தது.

அகழ்வுப் பணிக்குப் பொறுப்பேற்ற ஜுசெப்பே ஃபியோரெல்லி 1863-இல் இந்தக் குழிவுகளை உடைக்காமல் காக்க வழி கண்டார். மண்வெட்டி வெற்றிடத்தைத் தொட்டதும் தோண்டுவதை நிறுத்தி, சிறு துளை வழியே நீர்மமான பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை ஊற்றச் செய்தார். அது இறுகியபின் சுற்றியிருந்த சாம்பலைச் செதுக்கி எடுத்தார்கள். செருப்பு வாரும் துணி மடிப்பும்கூட அதில் பதிந்திருந்தன. 1874-இல் வார்க்கப்பட்ட காவல் நாயைப் பாருங்கள். மல்லாந்து, உடல் முறுகி, கால்கள் மேலே மடங்கிக் கிடக்கிறது. கழுத்துப் பட்டை அப்படியே தெரிகிறது. இதே முறையில் கதவுகளும் வேர்களும்கூட மீட்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் வில்ஹெல்மினா ஜாஷெம்ஸ்கி, வேர் மக்கிய குழிவுகளில் சிமெண்ட் ஊற்றி, நகருக்குள்ளேயே ஒரு பெரிய திராட்சைத் தோட்டம் இருந்ததை நிறுவினார். மனித உருவங்களுக்குக் கிடைத்த புகழ் இந்த வேர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தமுண்டு. ரோமானியர்களின் அன்றாட வாழ்வைப் பற்றி அவை சொல்லும் செய்தியில் ஐயத்துக்கு இடம் மிகக் குறைவு.

மனித உருவங்களின் நிலை அப்படியல்ல. மடங்கிய முழங்கை, முகத்துக்கு நேரே உயர்ந்த முட்டி ஆகியவற்றைப் பார்த்ததும், சாவைத் தடுக்கப் போராடினார் என்கிறோம். ஆனால் கடும் வெப்பத்தில் தசைகள் சுருங்கிக் கைகால்கள் மடங்குவது உயிர் போன பிறகும் நடக்கும். தீ விபத்துகளில் இறந்தவர்களிடம் தடயவியல் மருத்துவர்கள் இதை வழக்கமாகக் காண்கிறார்கள். கிடந்த கோலத்தை வைத்துக் கடைசி எண்ணத்தைச் சொல்லிவிட முடியாது.

உள்ளே இருப்பதைப் பார்ப்பதும் எளிதாக இல்லை. சாந்தின் அடர்த்தி எலும்பின் அடர்த்திக்கு நெருக்கமானது என்பதால், ஊடுகதிர்ப் படத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். 2015-இல் சிடி ஸ்கேன் செய்தபோது, சில வார்ப்புகளில் எலும்பே சொற்பமாக இருந்தது. பழைய மறுசீரமைப்பில் செருகப்பட்ட உலோகக் கம்பிகளும் தென்பட்டன. அதாவது சில கோலங்கள் பின்னாளில் திருத்தப்பட்டவையாக இருக்கவும் வாய்ப்புண்டு.

பிறகு, சாந்தில் சிக்கியிருந்த எலும்புத் துணுக்குகளிலிருந்து டி.என்.ஏ. எடுக்கப்பட்டது. 2024 நவம்பரில் ‘கரண்ட் பயாலஜி’ ஆய்விதழில் முடிவுகள் வந்தன. ‘தங்க வளையல் வீடு’ என்ற வீட்டில் தங்க வளையல் அணிந்து, மடியில் குழந்தையோடு இருந்தவரைத் தலைமுறை தலைமுறையாகத் தாய் என்றார்கள். அவர் ஆண், குழந்தைக்கு இரத்த உறவும் இல்லை. வளையல் பெண்ணுக்குரியது, மடியில் குழந்தை இருந்தால் தாய் என்ற நம் வழக்கத்தை ரோமானியர்மேல் ஏற்றிவிட்டோம். தழுவியபடி கிடந்த இருவரைச் சகோதரிகள் என்றோ தாயும் மகளும் என்றோ சொல்லிவந்தார்கள். அவர்களில் ஒருவராவது ஆண் என்று தெரிந்ததும் அந்தக் கதையும் நிற்கவில்லை. ஆராயப்பட்டவர்களின் மூதாதையர் பலர் கிழக்கு மத்தியதரைக்கடல் பகுதியைச் சேர்ந்தவர்கள் என்பதும் வெளிப்பட்டது. ரோமப் பேரரசுக்குள் மக்கள் எவ்வளவு தூரம் பெயர்ந்தார்கள் என்பதற்கு இது நேரடிச் சான்று. கலைந்துபோன தாய்க் கதையைவிட இதுவே பெரிய செய்தி என்பேன்.

ஊற்றும் முறையும் மாறியிருக்கிறது. நகருக்கு வெளியே சிவிட்டா ஜூலியானாவில் 2020-இல் இரண்டு ஆண்களின் குழிவுகள் கிடைத்தபோது, எலும்புகளை ஆராய்ந்து எடுத்த பிறகே சாந்து ஊற்றினார்கள். இளையவருக்கு வயது 18 முதல் 25 வரை இருக்கலாம், முதுகெலும்புகள் நசுங்கியிருந்தன. மூத்தவர் 30-லிருந்து 40 வயதுக்குட்பட்டவர். அடிமையும் எஜமானரும் என்று அகழ்வாளர்கள் கருதுகிறார்கள். எலும்பு சொல்வது கடினமான உடலுழைப்பு வரைதான். அடிமை என்பது அதன்மேல் வைத்த ஊகம். பொருத்தமான ஊகம்தான், ஆனால் படம் எடுப்பவர்கள் இரண்டையும் தனித்தனி வாக்கியங்களில் சொல்ல வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். பொம்பெயியின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இன்னும் தோண்டப்படவில்லை. அங்கே குழிவுகள் தட்டுப்படும்போது முதலில் எலும்பு, பிறகு சாந்து என்ற வரிசையைக் கடைப்பிடித்தால், சாந்து கலக்காத மாதிரிகள் மரபணு ஆய்வகங்களுக்குக் கிடைக்கும்.