‘அன்லிங்க்’ என்பது அழிப்பா, அவிழ்ப்பா?

லினக்ஸ் சர்வர்களைக் கவனிக்கப் புதிதாக வருகிறவர்களுக்கான தமிழ்க் கையேடு ஒன்றைப் போன மாதம் திருத்தக் கொடுத்தார்கள். அதில், கோப்பின் ஒரு பெயரைக் கழற்றும்படி சிஸ்டத்துக்கு நிரல் இடும் ‘அன்லிங்க்’ (unlink) என்ற அழைப்பு வரும் இடமெல்லாம் ‘அழி’. “கோப்பை அழித்ததும் வட்டில் அதன் இடம் காலியாகும்” என்று ஒரு வரி வேறு. இந்த ‘அழி’யை எத்தனையோ முறை பார்த்துப் பொறுத்துக்கொண்டேன். இனி முடியாது.

‘லிங்க்’ ஸ்காண்டிநேவிய மொழிவழி ஆங்கிலத்துக்கு வந்தது. சங்கிலியின் ஒரு வளையம். நம் வழக்கில் கண்ணி. ‘அன்’ முன்னால் வந்தால் அதைக் கழற்றுவது. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் 1971 நவம்பர் கையேட்டிலேயே இந்த அழைப்பு இருக்கிறது. பிறப்பு அவ்வளவுதான். பொருள்தான் முக்கியம்.

யூனிக்ஸில் கோப்பு வேறு, அதன் பெயர் வேறு. கோப்பு என்பது ஐநோடு என்ற எண்ணிட்ட பதிவும், அது காட்டும் தரவும். பெயர் இருப்பது டைரக்டரியில், அதாவது கோப்புப் பெயர்களின் பட்டியலில். ‘எல்என்’ கட்டளையால் ஒரே கோப்புக்கு இரண்டு, மூன்று பெயர் வைக்கலாம். எத்தனை பெயர் என்பதை, கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ் -எல்’ இரண்டாவது நெடுவரிசையில் காட்டும். நீக்கும் கட்டளையான ‘ஆர்எம்’ கொடுத்தால் அவற்றில் ஒன்று கழல்கிறது.

தொழுவத்தில் கட்டிய மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கயிறு கட்டியிருந்தால் ஒன்றை அவிழ்த்தாலும் மாடு நிற்கும். இரண்டையும் அவிழ்த்த பிறகும் யாராவது மூக்கணாங்கயிற்றைக் கையில் பிடித்திருந்தால் அப்போதும் நிற்கும். அவர் விட்டால்தான் தொழுவத்தில் இடம். கட்டிய கயிறு கோப்பின் பெயர்; கையில் பிடித்திருப்பவர் அதைத் திறந்து வைத்திருக்கும் நிரல். இதில் மாட்டை அழித்தது யார்? நம்மிடம் ‘அவிழ்’ என்ற சொல் இருக்கிறது. ‘பெயரவிழ்ப்பு’ என்று எழுதினால் நடப்பதை அப்படியே சொல்லிவிடலாம்.

இது வெறும் சொல் தகராறு இல்லை. சில வருடங்களுக்கு முன் இரவுப் பணியில் இருந்த தம்பி ஒருவர் பதறிப்போய்க் கூப்பிட்டார். “அண்ணே, பெரிய லாக் ஃபைலை அழிச்சுட்டேன். டிஎஃப் இன்னும் நூறு சதவீதம்னுதான் காட்டுது. டியூ போட்டா பாதிகூட வரல. ஃபைல்சிஸ்டம் கெட்டுப்போச்சு போல, எஃப்எஸ்செக் ஓட்டிடவா?” டிஎஃப், டியூ இரண்டும் வட்டில் எவ்வளவு இடம் போயிருக்கிறது என்று காட்டும் கட்டளைகள். எஃப்எஸ்செக், வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் அமைப்பான ஃபைல்சிஸ்டத்தைச் சோதித்துச் சரிசெய்வது. மவுண்ட் ஆகி, அதாவது பயன்பாட்டில் சேர்க்கப்பட்டு, ஓடிக்கொண்டிருக்கும் ஃபைல்சிஸ்டத்தில் அது பழுதுபார்க்கப் புகுந்தால் நல்லதும் கெட்டுவிடும். நிறுத்தச் சொன்னேன். பெயர் போயும் திறந்தே இருக்கும் கோப்புகளைக் காட்டும் ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ போட்டதும் தெரிந்தது: லாக் (நிகழ்வுப் பதிவு) எழுதும் நிரல் அந்தக் கோப்பைத் திறந்தபடியே வைத்திருந்தது. டியூ டைரக்டரிப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு போய்க் கூட்டுவது. பெயரில்லாத கோப்பு அதன் கண்ணில் படாது. டிஎஃப் ஃபைல்சிஸ்டத்தின் மொத்தக் கணக்கையே கேட்பது. சேவையை மறுதொடக்கம் செய்தோம், இடம் திரும்பிவிட்டது. ‘அழித்தாயிற்று’ என்று நம்பியதால்தான் அந்தத் தம்பிக்கு வட்டின் மேல் சந்தேகம் வந்தது.

‘அழி’க்கு வேறு வேலையும் இருக்கிறது. கடைசிப் பெயரும் அவிழ்ந்து கோப்பு மூடப்பட்டபின் வட்டில் அது இருந்த கட்டங்கள் காலி என்று குறிக்கப்படுகின்றனவே தவிர, பழைய தரவு மேலே வேறொன்று எழுதப்படும்வரை வட்டில் கிடக்கலாம். அதன்மேல் திரும்பத் திரும்ப எழுதிச் சிதைக்க ‘ஷ்ரெட்’ என்ற தனிக் கட்டளை உண்டு. ‘அழி’ அதற்குரியது. அதை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே எதை எழுதுவது?

தனித்தமிழ் அன்பர்கள் ‘இணைப்புநீக்கம்’ என்கிறார்கள். தனித்தமிழில் எனக்கும் பற்று உண்டு, ஆனாலும் இதை ஏற்க மாட்டேன். வலைப்பக்கச் சுட்டிக்கு இணைப்பு, மின்னஞ்சலோடு அனுப்பும் கோப்புக்கு இணைப்பு, இணையத்துக்கு இணைப்பு, குடிநீருக்கும் இணைப்பு. ‘இணைப்பு நீக்கப்பட்டது’ என்று திரையில் வந்தால் நெட்வொர்க் கேபிளைத்தான் ஆள் தேடுவார். சொல்லுக்குச் சொல் சரியாக இருந்து பொருள் தவறிப்போனால் அந்தச் சொல்லால் யாருக்குப் பயன்?

மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர்கள் கைக்குப் பெரும்பாலும் வருவது வெறும் சொற்பட்டியல்தான். இருந்தாலும் ‘ஃப்ரீ ஸ்பேஸ்’ என்பதை ‘இலவச இடம்’ என்று எழுதுகிறார்களே, வட்டில் இடத்தை யார் இலவசமாகக் கொடுக்கிறார்கள்? ‘காலி இடம்’ என்று வீட்டில் பேசுகிற சொல் இருக்கிறதே! கட்டளையை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதினால் இதில் பாதிப் பிழை வராது.

எஃப்எஸ்செக் செய்வதைப் பார்த்தாலும் இது புரியும். பெயர் தொலைந்து ஐநோடு மட்டும் மிஞ்சிய கோப்பைக் கண்டால், அதன் எண்ணையே பெயராக்கி ‘லாஸ்ட்+ஃபவுண்ட்’ டைரக்டரியில் கட்டிவைக்கிறது. அவிழ்ந்ததைத்தான் திரும்பக் கட்ட முடியும்.

கையேட்டின் அந்த வரியை இப்படி மாற்றிக் கொடுத்தேன்: “கடைசிப் பெயரும் அவிழ்ந்து, கோப்பைத் திறந்து வைத்திருக்கும் கடைசி நிரலும் அதை மூடிய பிறகே வட்டில் இடம் காலியாகும்.”