ரூட் செய்த போனை எதுவரை துடைக்கலாம்?

கஸ்டம் ரோம் (கம்பெனி கொடுத்ததற்குப் பதிலாக நாமே போடும் வேறு ஓ.எஸ்.) போடப்போய்ப் பாதியில் நின்ற போன் கடைக்கு வரும்போது கூடவே ஒரு வாக்கியமும் வரும்: "ண்ணா, எல்லாத்தையும் டிக் பண்ணி நல்லா வைப் பண்ணிட்டுதான் போட்டேன்." வைப் என்றால் துடைப்பது. வண்ணாரப்பேட்டையில் என் கடைக்கு இப்படி வருபவர்கள் பெரும்பாலும் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்து காலேஜ் பிள்ளைகள். கம்பெனி அப்டேட்டை நிறுத்திவிட்டது, புதுசு வாங்கக் காசில்லை, லினியேஜ் ஓ.எஸ். என்ற கஸ்டம் ரோமைப் போட்டால் பழைய போனே இன்னும் கொஞ்ச காலம் ஓடும். நியாயமான ஆசைதான். ஆனால் எதை அழிக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று பார்க்காமல் கை வைப்பதில்தான் வினை.

செட்டிங்ஸுக்குள் போய் ஃபேக்டரி ரீசெட் கொடுத்தால் ரூட்டும் (சிஸ்டத்தையே மாற்ற நாம் எடுத்துக்கொண்ட முழு அதிகாரம்) போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது. ரூட் தரும் மேஜிஸ்க் உட்கார்ந்திருப்பது, போனை ஆன் செய்யும் பூட் பார்ட்டிஷன் என்ற ஸ்டோரேஜ் பகுதியில். ரீசெட் துடைப்பது டேட்டா பார்ட்டிஷனை. புது ரோம் தன் பூட் இமேஜை எழுதும்போதுதான் பழைய ரூட் கழலும். டேட்டாவைத் துடைக்காமல் மேலேயே புது ரோமைப் போட்டு, மறுபடி மேஜிஸ்க்கும் ஏற்றினால் வேறு தொல்லை: உள்ளே கிடந்த மேஜிஸ்க்கின் பழைய மாட்யூல்கள் (கூடுதல் துணுக்குகள்) உயிர்பெற்று, போன் லோகோவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதே ரோமின் அடுத்த அப்டேட் என்றால் துடைக்காமல் போடும் டர்ட்டி ஃப்ளாஷ் பெரும்பாலும் ஓடிவிடும். ரோமே மாறுகிறது என்றால் அந்தச் சோம்பல் ஆகாது.

ரெக்கவரி என்பது ஆண்ட்ராய்டு ஆன் ஆகாமலே துடைக்கவும் ரோம் போடவும் உதவும் தனித் திரை. டி.டபிள்யூ.ஆர்.பி. என்ற ரெக்கவரியில் வைப் பக்கத்தைத் திறந்ததும் கீழே ஸ்வைப் செய்யச் சொல்லும். அது ஆப்களையும் செட்டிங்ஸையும் கேஷையும் அழிக்கும். போட்டோ, டவுன்லோடு எல்லாம் இருக்கும் இன்டர்னல் ஸ்டோரேஜைத் தொடாது. பக்கத்தில் இருக்கும் ஃபார்மேட் டேட்டா அப்படியல்ல. ஆங்கிலத்தில் 'யெஸ்' என்று டைப் செய்யச் சொல்லும். செய்தால் போட்டோவும் சேர்ந்து போய்விடும். கம்பெனி ரோமிலிருந்து முதல்முறை கஸ்டம் ரோமுக்கு மாறும்போது பெரும்பாலும் இது தேவைப்படும். ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்களிலிருந்து ஃபைல் என்கிரிப்ஷன் (ஃபைலைச் சாவி போட்டுப் பூட்டிவைப்பது) கட்டாயம். பழைய ரோம் பூட்டிவைத்த டேட்டாவைப் புது ரோமால் திறக்க முடியாது. அதனால்தான் ரெக்கவரியில் ஃபோல்டர் பெயரெல்லாம் கிறுக்கல் எழுத்தாகத் தெரிகிறது. போன் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம்.

பேக்கப் எடுத்தேன் என்று நம்பிப் போட்டோவைத் தொலைப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கும். ரெக்கவரியில் டேட்டா பேக்கப் எடுத்தாலும் இன்டர்னல் ஸ்டோரேஜில் உள்ள போட்டோக்கள் அதில் சேராது. அந்த பேக்கப் ஃபைலும், நாம் இடம் மாற்றாவிட்டால், அதே இன்டர்னல் ஸ்டோரேஜில்தான் போய் உட்காரும். அப்புறம் ஃபார்மேட் டேட்டா கொடுத்தால் பேக்கப்பும் காலி, இறக்கிவைத்த ரோம் ஃபைலும் காலி. வாட்ஸ்அப்பின் லோக்கல் பேக்கப்பும் போனுக்குள்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் மெமரி கார்டிலோ, ஓ.டி.ஜி. பென்டிரைவிலோ, கம்ப்யூட்டரிலோ வைத்து, அங்கே ஒருமுறை திறந்தும் பார்த்துவிடுங்கள். ஓ.டி.பி. தரும் ஆதென்டிகேட்டர் ஆப்பை மட்டும் எல்லோருமே மறக்கிறார்கள். இன்னொன்று: பூட்லோடரை (எந்த ரோமை ஆன் செய்ய விடலாம் என்று பார்க்கும் காவல்காரன்) இன்னும் அன்லாக் செய்யவில்லை என்றால், அந்த அன்லாக்கே டேட்டா முழுவதையும் அழித்துவிடும். பேக்கப் அதற்கும் முன்னால்.

அட்வான்ஸ்டு வைப்பில் சிஸ்டத்தை டிக் செய்வது பழைய பழக்கம். ஆண்ட்ராய்டு 10-க்குப் பிறகு வந்த பெரும்பாலான போன்களில் சிஸ்டம், வெண்டார் எல்லாம் சூப்பர் என்ற ஒரே பெரிய பார்ட்டிஷனுக்குள் அடக்கம். ரோம் ஃபைலே அதைத் தானாக மாற்றி எழுதிக்கொள்ளும். உங்கள் மாடலுக்கான குறிப்பில் சொல்லாவிட்டால் தொடாதீர்கள்.

இதெல்லாம் சரிசெய்யக்கூடிய கோளாறுதான். ஐ.எம்.இ.ஐ. (போனின் அடையாள எண்) போனால் அப்படியில்லை. மீடியாடெக் சிப் உள்ள போன்களுக்கு, கம்ப்யூட்டரிலிருந்து ரோம் ஏற்ற எஸ்.பி. ஃப்ளாஷ் டூல் என்று ஒன்று உண்டு. அதில் 'டவுன்லோட் ஒன்லி' இருக்க, 'ஃபார்மேட் ஆல் ப்ளஸ் டவுன்லோட்' கொடுத்தால்தான் சுத்தமாகும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். கொடுத்தால் ஐ.எம்.இ.ஐ. இருக்கும் என்.வி.ரேம் பகுதியும் துடைத்துப் போகும். போன் அழகாக ஆன் ஆகும், சிம் எடுக்காது. வைஃபை பட்டியலைத் திறந்தால் முதல் வரியிலேயே 'என்.வி.ரேம் வார்னிங்' என்று ஒரு பெயர் நிற்கும். வீட்டைக் கழுவுகிறேன் என்று பட்டாவையும் வாளியில் முக்கியது மாதிரிதான் இது. சாம்சங்கில் இ.எஃப்.எஸ்., குவால்காம் போன்களில் மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2 ஆகியவையும் இதே வகை.

அதனால் துடைக்கும் முன் *#06# அடித்து, வரும் எண்ணை பாக்ஸிலோ பில்லிலோ உள்ளதோடு ஒப்பிட்டு எழுதிவையுங்கள். ரெக்கவரியின் பேக்கப் பக்கத்தில் இ.எஃப்.எஸ்., பெர்சிஸ்ட் என்று காட்டினால் டிக் செய்து வெளியே சேமியுங்கள். தொலைந்த பிறகு "ஏதாச்சும் ஒரு நம்பரைப் போட்டு வுடுண்ணா" என்று கெஞ்சுகிறார்கள். செய்ய மாட்டேன். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி ஐ.எம்.இ.ஐ. எண்ணைத் திருத்துவது குற்றம்; 3 வருஷம் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

ரோம் ஏறிவிட்டது, ஆனால் பூட்லோடர் அன்லாக் ஆகியிருப்பதால் பேங்க் ஆப் திறக்கவில்லை என்று பூட்லோடரை மறுபடி லாக் செய்யக் கிளம்புகிறார்கள் சிலர். கஸ்டம் ரோம் உள்ளே இருக்கும்போது லாக் செய்தால் பெரும்பாலான மாடல்கள் ஆன் ஆகவே ஆகாது. லாக் செய்தே ஆகவேண்டும் என்றால் முதலில் கம்பெனி ரோமை முழுதாகத் திரும்பப் போட்டு, ஒருமுறை ஆன் செய்து, சிம் எடுக்கிறதா என்று பார்த்த பிறகு செய்யுங்கள். அந்த லாக்கும் டேட்டாவை அழிக்கும்.