மானியத்தை மூலதனமாக எழுதாதீர்கள்

பெங்களூருவின் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் இன்னொரு யூனிட் பேங்கின் கைக்குப் போய்விட்டது. ஆர்டர் இருந்தது, கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி மெஷின் இருந்தது, பதினான்கு பேருக்கு வேலையும் இருந்தது. திட்ட அறிக்கையில் நிதி எங்கிருந்து வரும் என்ற பக்கத்தில் ‘அரசு மானியம், 40 லட்சம்’ என்று ஒரு வரி இருந்தது. அந்தப் பணம் மட்டும் வரவில்லை. பீன்யா, ஜிகணி, டாபஸ்பேட்டை என்று எந்தப் பகுதி ஃபைலைத் திறந்தாலும் இதே வரி. எழுதித் தருபவர்கள் கூசாமல் எழுதுகிறார்கள், கையெழுத்துப் போடுபவர்கள் படிக்காமல் போடுகிறார்கள்.

இந்த மயக்கம் தொழில் தொடங்குபவரோடு நிற்பதில்லை. இத்தனை சதவீதம் தருகிறோம் என்று அறிவித்தால் கம்பெனி வரும், கம்பெனி வந்தால் வேலை வரும் என்று மாநில அரசுகளும் நம்புகின்றன. மேடையில் சொல்லும் சதவீதம் செய்தித்தாளில் வருகிறது, அதை நம்பி ஒருவர் வீட்டை அடமானம் வைக்கிறார். அதனால் இரண்டு தரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

கர்நாடகத்தின் 2025–30 தொழில் கொள்கையில் மாநிலம் மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பெங்களூரு நகர, ஊரக மாவட்டங்கள் மூன்றாம் மண்டலம். பீன்யா, பொம்மசந்திரா, ஜிகணி, டாபஸ்பேட்டை எல்லாம் அதில்தான் வருகின்றன. தலைப்புச் செய்தியாகிற பெரிய சதவீதங்களோ தொழில் பின்தங்கிய முதல் இரண்டு மண்டலங்களுக்கு உரியவை. இது கொள்கையின் தொடக்கப் பக்கங்களிலேயே இருக்கிறது. அதைக்கூடப் படிக்காமல் பொம்மசந்திரா ஷெட்டுக்கு மானியம் கணக்குப் போடுவதை என்னவென்று சொல்வது?

சரி, யூனிட் தகுதியுள்ள மண்டலத்தில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் முதலீட்டு மானியம் என்பது செலவழித்த பிறகு திரும்பக் கிடைக்கும் பணம். மெஷின் வாங்கி, உற்பத்தி தொடங்கி, ஆடிட்டர் சான்று வாங்கி, மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பித்து, அங்கிருந்து வந்து பார்த்து, கமிட்டி ஒப்புதல் கொடுத்து, அதன் பிறகு நிதி ஒதுக்கீட்டுக்காக வரிசையில் நிற்க வேண்டும். ஒப்புதல் கடிதம் கைக்கு வருவது வேறு, பணம் கணக்கில் ஏறுவது வேறு. அதுவரை அந்த 40 லட்சத்தை யாரோ கொடுத்தாக வேண்டும். 11 சதவீத வட்டி என்று போட்டால் ஆண்டுக்கு 4 லட்சத்து 40 ஆயிரம், இரண்டு ஆண்டு இழுத்தால் ஏறக்குறைய 9 லட்சம். நடைமுறையில் அந்தப் பணம் நடப்பு மூலதனத்திலிருந்துதான் போகிறது. ஸ்டீல் வாங்கக் காசில்லாமல் ஆர்டர் தாமதமாகிறது, ஆர்டர் தாமதமானதால் பில் நிற்கிறது, பில் நின்றதால் தவணை தவறுகிறது. நான் பார்த்தவரை மெஷின் பழுதாகி மூடிய யூனிட்களைவிட இப்படி மூடியவைதான் அதிகம்.

எஸ்ஜிஎஸ்டியை, அதாவது ஜிஎஸ்டியில் மாநிலத்தின் பங்கை, திருப்பித் தருகிறோம் என்று ஏதாவது ஒரு மாநிலம் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டு கணக்கில் சேர்ப்பவர்களுக்கு இன்னும் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2017 ஜூலை 1 முதல் வரியில் மாநிலத்தின் பங்கு, பொருள் போய்ச் சேரும் மாநிலத்துக்கு உரியது. பொம்மசந்திராவில் செய்த பாகத்தை மைசூருவில் விற்றால், 18 சதவீதத்தில் 9 மத்திய அரசுக்கு, 9 கர்நாடகத்துக்கு. அதே பாகத்தை அத்திப்பள்ளி தாண்டி ஓசூருக்கு அனுப்பினால் அது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை. 18 சதவீதமும் ஐஜிஎஸ்டி, அதில் மாநிலத்தின் பங்கு தமிழ்நாட்டுக்குப் போகும். கர்நாடகத்துக்கு வராத வரியை அது எப்படித் திருப்பித் தரும்? போதாததற்கு, வாங்கிய சரக்கில் கட்டிய எஸ்ஜிஎஸ்டியும் வரவாக வந்து கழிந்துவிடும். ரொக்கமாக எஸ்ஜிஎஸ்டி கட்டுவதே சொற்பம் என்றால் ‘நூறு சதவீதம் திருப்பித் தருகிறோம்’ என்பது சொற்பத்தின் நூறு சதவீதம்தான். ஓசூர் வண்டித் தொழிற்சாலைகளுக்கு ஜாப் ஒர்க் செய்பவர்கள், ஏற்றுமதி செய்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

அரசுக்குச் சொல்வது இன்னும் எளிது. பெங்களூருவில் தொழில் எப்படி வந்தது என்று பார்த்தாலே போதும். 1909இல் இந்திய அறிவியல் கழகம், 1940இல் எச்ஏஎல் விமானத் தொழிற்சாலை, பிறகு தொலைபேசிக் கருவி செய்த ஐடிஐ, மெஷின் செய்த எச்எம்டி, மின்னணுக் கருவி செய்த பெல் என்ற பொதுத்துறை நிறுவனங்கள். அவற்றுக்கு டூலிங் என்ற அச்சு, கருவி வேலை செய்யவும் பாகங்கள் செய்யவும் கற்றுக்கொண்ட கைகள்தான் பீன்யாவை நிரப்பின. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வந்தபோது அதற்குத் தேவைப்பட்டவை பொறியாளர்களும் செயற்கைக்கோள் இணைப்பும். சலுகை இருந்தால் வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், வாங்கிக்கொள்வார்கள். ஆனால் இடத்தை முடிவு செய்யும்போது சலுகை பட்டியலின் கடைசியில்தான் வருகிறது.

முதலில் வருவது நாள் கணக்கு. கர்நாடகத்தில் 15 கோடி வரையுள்ள திட்டங்கள் மாவட்ட அளவிலான ஒற்றைச் சாளரக் குழுவுக்கும், 500 கோடி வரை மாநிலக் குழுவுக்கும், அதற்கு மேல் முதலமைச்சர் தலைமையிலான குழுவுக்கும் போகின்றன. அமைப்பில் குறையில்லை. ஆனால் சாளரம் ஒன்றாக இருந்தாலும் பின்னால் மேஜைகள் பல. மின்சாரம் தரும் பெஸ்காம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தீயணைப்பு, தொழிற்சாலைகள் துறை என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேள்வி கேட்டு ஃபைலைத் திருப்பும். கேள்வி இருந்தால் எல்லாவற்றையும் ஒரே முறையில், குறிப்பிட்ட நாளுக்குள் கேட்க வேண்டும், நாள் கடந்தால் ஒப்புதல் ஆனதாகக் கொள்ள வேண்டும். இந்த ஒரு விதியை உண்மையாக நடத்திக் காட்டும் மாநிலத்துக்கு மானியச் செலவு பாதியாகக் குறையும் என்பது என் உறுதியான கருத்து.

கர்நாடகத் தொழில் வசதிச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்தின்படி, குழு ஒப்புதல் கிடைத்ததும் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்துக் கட்டுமானத்தைத் தொடங்கலாம், மற்ற அனுமதிகளை மூன்று ஆண்டுகளுக்குள் வாங்க வேண்டும். நல்ல திருத்தம். ஆனால் இது தள்ளிப்போட ஒரு வசதி, விலக்கு கிடையாது. இடம் ஏரி எல்லையிலோ மழைநீர் போகும் ராஜகால்வாய் ஓரத்திலோ விழுந்தால், கூரை போட்ட பிறகு அனுமதி மறுக்கப்படும்போது இழப்பு முழுவதும் உங்களுடையது.

நிலத்தைப் பற்றி ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். தேவனஹள்ளி சன்னராயபட்டணத்தில் 1,777 ஏக்கரை எடுக்க முயன்று, விவசாயிகளின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 2025 ஜூலை 15 அன்று அரசு திட்டத்தைக் கைவிட்டது. விவசாயிகள் பக்கம் நியாயம் இருந்தது. காத்திருந்த கம்பெனிகளுக்கோ ஆண்டுகள் வீண். சம்மதத்தோடு வாங்கிய, பத்திரம் சுத்தமான, சாலையும் தண்ணீரும் துணை மின்நிலையமும் போட்டு முடித்த 50 ஏக்கர், வரைபடத்தில் மட்டும் இருக்கிற ஆயிரம் ஏக்கரைவிட அதிக வேலை தரும். ஏற்கெனவே ஒதுக்கி, வேலி போட்டுச் சும்மா கிடக்கிற மனைகளைத் திரும்ப எடுக்கவும் அரசுக்குத் துணிவு வேண்டும்.

அடுத்து ஆட்கள். வேலை உண்டாக்குகிறோம் என்று சொல்லிவிட்டு வேலைக்கு வருபவர் எங்கே தூங்குவார் என்று கேட்காத திட்டங்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் பெண் தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை சிப்காட் கட்டித் திறந்தது. பெண்களை ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுக்கும் தொழிற்சாலை வேண்டும் என்றால் செலவு இப்படிப் போக வேண்டும். பெங்களூருவைச் சுற்றி ஒரு அறைக்கு ஆறு பேராகத் தங்கும் நிலைக்கும் இப்படி ஒரு பதில் வேண்டும்.

உள்ளூர் ஒதுக்கீடு பற்றி இங்கே இருக்கிற தமிழர்கள் பதற்றத்தோடு கேட்கிறார்கள். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்களின் நிர்வாகப் பணிகளில் உள்ளூர்க்காரர்களுக்கு 50 சதவீதம், மற்றவற்றில் 70 சதவீதம் என்ற மசோதாவைக் கர்நாடக அமைச்சரவை ஏற்றது, எதிர்ப்பு வந்ததும் சில நாட்களுக்குள் நிறுத்திவைத்தது. ஹரியாணாவின் 75 சதவீதச் சட்டத்தை 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் என்ற கோரிக்கையில் தவறே இல்லை. அதற்கு வழி ஜிடிடிசி போன்ற டூல் அண்ட் டை பயிற்சி மையங்களில் இடங்களைப் பெருக்குவது, தொழிற்பழகுநர் சட்டத்தை ஒழுங்காக நடத்துவது. 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுப்பது கட்டாயம். அதை யார் சரிபார்க்கிறார்கள்?

வேலையை எண்ணுவது எப்படி என்பதுதான் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது. 2025 பிப்ரவரி முதலீட்டாளர் மாநாட்டில் 10.27 லட்சம் கோடி ரூபாய்க்கு உறுதிகள் வந்ததாக அறிவித்தார்கள். புரிந்துணர்வு ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது. அதன் பிறகு குழு ஒப்புதல், நிலம், வரைபட அனுமதி, கட்டடம், மின் இணைப்பு, இயக்க அனுமதி என்று ஒவ்வொரு படியிலும் சிலர் கழன்றுகொள்வார்கள். எண்ண வேண்டியது பிஎஃப் கணக்கில் ஏறிய பெயர்களை. மாதாமாதம் 15ஆம் தேதிக்குள் தாக்கலாகிற விவரம் அது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் காண்ட்ராக்டரின் குறியீட்டில் வருவார்கள், அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சலுகைப் பணத்தை இந்த எண்ணிக்கையோடு கட்டி, குறைந்தால் திரும்ப வாங்கும் விதி ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் 2017இல் 13,000 வேலை என்ற வாக்குறுதிக்கு ஃபாக்ஸ்கானுக்குப் பெரும் சலுகை அறிவித்தது. 2021இல் அது 1,454 வேலையாகச் சுருங்கியது, சலுகையும் சேர்ந்து குறைக்கப்பட்டது. சலுகை வேலையோடு கட்டப்பட்டிருந்ததால்தான் குறைக்க முடிந்தது.

இன்னொன்று, இதற்குப் புதிய கொள்கை எதுவும் வேண்டாம். அரசுத் துறைகளும் அரசு நிறுவனங்களும் சிறு யூனிட்களுக்குத் தர வேண்டிய பில்லை 45 நாளில் கொடுத்துவிட்டாலே போதும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் அதைத்தான் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. இதைக் கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்று பயந்து யாரும் கேட்பதில்லை. தயவுசெய்து கொடுங்கள், அந்தப் பணம் சம்பளமாகத்தான் போகும்.

தொழில் தொடங்குபவர்களுக்கு: மானியம் இல்லாமல் கணக்குப் போடுங்கள். அப்படிப் போட்டு லாபம் வராவிட்டால் அந்தத் திட்டத்தைத் தொடாதீர்கள். மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் கொள்கையின் நடைமுறை விதிகளைப் படியுங்கள். எந்தத் தேதிக்குப் பிந்தைய பில் செல்லும், பழைய மெஷின் சேருமா, டெர்ம் லோன் கட்டாயமா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும், விளம்பரத் தாளில் இருக்காது. விண்ணப்பக் கடைசித் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். முதல் பொருளை அனுப்பும் முன்பே சிறு தொழில்களுக்கான உதயம் பதிவு இருக்கட்டும், பிறகு பதிந்தால் தாமத வட்டி கேட்பதில் சிக்கல். நிலம் பார்க்கும்போது தரகர் சொல்லும் மின்சார அளவை நம்பாமல், அந்தப் பகுதிக்கு வரும் மின் ஃபீடரில் இன்னும் எவ்வளவு மின்சாரம் தர இடமிருக்கிறது என்று பெஸ்காமில் எழுத்தில் கேளுங்கள்.

ஆட்களைப் புதிதாக எடுப்பவர்கள் மத்திய அரசின் வேலைவாய்ப்பு ஊக்கத் திட்டத்தை விடாதீர்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை சேர்க்கும் ஒவ்வொரு கூடுதல் ஆளுக்கும் மாதம் 3,000 ரூபாய் வரை இரண்டு ஆண்டுகள், உற்பத்தித் துறைக்கு நான்கு ஆண்டுகள். 50 பேருக்குக் குறைந்த இடத்தில் குறைந்தது இரண்டு பேரைக் கூடுதலாக எடுத்து ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும். பிஎஃப் கட்டாமல் ரொக்கச் சம்பளம் கொடுக்கிறவர்களுக்கு இதில் ஒரு ரூபாயும் கிடையாது, அதனால் இந்த மாதமே உங்கள் ஆட்களின் பெயரைப் பிஎஃபில் ஏற்றுங்கள்.