மார்ஃபினைக் கடைசிக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்

கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மாத்திரை 60 கொடுத்து அனுப்பியிருந்தேன். ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் 52 அப்படியே இருக்கின்றன. அந்த மாதம் இப்படி நான் பார்த்த நான்காவது வீடு அது. இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நோயாளி நாகஸ்வரக் கலைஞர். காவிரிக் கரையில் ஒரு கோயிலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாசித்தவர். குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். நுரையீரல் புற்றுநோய், முதுகெலும்புவரை பரவிவிட்டது. சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிக்க மூச்சுப் போதவில்லை என்பதை அவர்தான் முதலில் கண்டுகொண்டார். ஸ்கேனெல்லாம் அதற்குப் பிறகு.

மாத்திரை எங்கே என்று கேட்டதும் மூத்த மகன் பரணிலிருந்து ஒரு தகர டப்பாவை இறக்கினார். அப்பா சீவாளி, அதாவது நாகஸ்வரத்தில் செருகி ஊதும் நாணல், போட்டு வைக்கும் டப்பா. பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடம் என்று அதில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கவனம் சரிதான். ஆனால் கட்டிலில் அந்த மனிதர் தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

"ஏன் கொடுக்கவில்லை, அம்மா?"

"கடைசிக்கு ஆகட்டும் என்று வைத்திருக்கிறோம் டாக்டர். இப்போதே கொடுத்துப் பழக்கிவிட்டால், வலி முற்றும்போது எதைக் கொடுப்பீர்கள்?"

கேட்டவர் ஐம்பது ஆண்டுகள் அவரோடு குடும்பம் நடத்தியவர். அன்பினால்தான் கேட்டார். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் அல்ல, இதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள்மேல். மருந்துக்கடையில் ஒருவர், "இது போதை மருந்தாயிற்றே" என்றிருக்கிறார். வேறொரு மருத்துவரே, "இப்போது வேண்டாமே" என்றிருக்கிறார்.

ஆகவே பொறுமையாகச் சொல்கிறேன். பாரசிட்டமாலுக்கு ஓர் உச்ச அளவு உண்டு. அதைத் தாண்டினால் கல்லீரல் கெடும். மார்ஃபினுக்கு அப்படி ஒரே உச்சவரம்பு கிடையாது. வலி கூடினால் மருத்துவர் அளவைப் படிப்படியாகக் கூட்டுவார், கூடிய வலிக்கும் அது வேலை செய்யும். இன்று கொடுத்தால் நாளைக்குத் தீர்ந்துபோகிற சேமிப்பு அல்ல அது. புற்றுநோய் வலிக்கு அளவோடு சாப்பிடுகிறவர் அதற்கு அடிமையாவது மிக அரிது. உடல் பழகும், அது உண்மை. அதனால்தான் திடீரென்று நிறுத்தக்கூடாது என்கிறோம். ஸ்டீராய்டையும் அப்படித்தான் சட்டென்று நிறுத்த மாட்டோம்; ஸ்டீராய்டு சாப்பிடுகிறவரை யாராவது போதைக்கு அடிமை என்கிறோமா?

"மார்ஃபின் கொடுத்தார்கள், இரண்டே நாளில் போய்விட்டார்" என்ற பேச்சும் ஊரில் உண்டு. மாதக்கணக்கில் துடிக்கவிட்டுக் கடைசி இரண்டு நாளில் கொடுத்தால், சாவு அந்த மாத்திரைக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். உயிரைக் கொண்டுபோனது நோய். முறையாகக் கூட்டிக் கொடுக்கும் மார்ஃபின் மூச்சை நிறுத்துவதில்லை. மூச்சுத்திணறலைக் குறைக்கவே சிறு அளவில் அதைக் கொடுக்கிறோம்.

மார்ஃபின் அபினியிலிருந்து எடுப்பது; மருந்துக்கான அபினியைச் சட்டப்படி பயிரிடும் நாடு இது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து மருத்துவமனைகளே அதை வாங்கிவைக்கத் தயங்கிய காலம் உண்டு. 2014இல் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். இவ்வளவும் தாண்டி வீட்டுக்குள் வந்து சேர்ந்த மாத்திரை பரணில் ஏறி உட்கார்ந்தால் நான் என்ன செய்வது?

வலி வந்த பிறகு கொடுக்கும் மருந்து அல்ல இது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும். காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10. இரவில் மட்டும் இரண்டாகக் கொடுத்தால் நடுராத்திரியில் எழுப்ப வேண்டாம். பெரியவரிடம் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது, "காலப்பிரமாணம் என்று சொல்லுங்கள்" என்றார். வாசிப்பில் வேகம் பிசகாமல் காப்பதை அப்படிச் சொல்வார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு வேளைகூடத் தவறவில்லை.

கூடவே மலமிளக்கி கட்டாயம், தினமும். முதல் சில நாட்கள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பயந்து நிறுத்தாதீர்கள். எழுப்பியும் எழவில்லை, மூச்சு மிக மெதுவாகிவிட்டது என்றால் உடனே எங்களை அழையுங்கள். மூச்சுத் திணறினால் சிறு மின்விசிறியை முகத்துக்கு நேராக வையுங்கள். சாப்பாட்டை வாயில் திணிக்காதீர்கள், அம்மா. பசி அடங்குவது நோயின் போக்கு. நீங்கள் ஊட்டாததால் அல்ல.

இன்னொன்று. வாசலிலேயே பிள்ளைகள் என்னை மறித்து, "அப்பாவுக்குத் தெரியாது, சொல்லிவிடாதீர்கள்" என்றார்கள். உள்ளே போனால் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம், தாங்க மாட்டார்கள்" என்கிறார். இரண்டு பக்கமும் தெரிந்த ரகசியம். அதற்குள் அவரை அரித்துக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? வைகாசி முகூர்த்தங்களுக்கு மூன்று கல்யாண வீடுகளில் வாங்கிய அச்சாரம். வாசிக்கப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும், யாரிடமும் சொல்ல முடியவில்லை. இவர்களோ இன்னொரு சுற்றுக் கீமோவுக்காக வெளியூர் போக, அவருடைய நாகஸ்வரத்தை விற்க ஆள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவருக்குத் தெரியாமல்.

நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. அவரைக் கேட்டுக்கொண்டு, எல்லோரையும் கட்டிலைச் சுற்றி உட்காரவைத்தேன். "உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், ஐயா?" என்று கேட்டேன். அவரே சொன்னார். அழுதார்கள். மறுநாள் இளைய மகன் போய் மூன்று வீட்டிலும் அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தார். நாகஸ்வரத்தை விற்கும் பேச்சு நின்றது.

மூன்றாம் நாள் இரவு அவர் தூங்கினார். பிறகு ஐந்து வாரம் இருந்தார். வாசிக்க முடியாது, பேரனை எதிரே உட்காரவைத்து, மெல்லிய குரலில் ஒவ்வொரு சங்கதியாகப் பாடிக் காட்டி அவனை வாசிக்கச் சொன்னார். அவரோடு காலமெல்லாம் வாசித்த தவில்காரர் தினமும் சாயங்காலம் வந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். வலியில் முறுக்கிக்கொண்டு கிடக்கும் மனிதரால் பாடம் சொல்ல முடியுமா?

தயவுசெய்து சீக்கிரம் வாருங்கள். வலி நிவாரணப் பிரிவுக்கு வருவது சிகிச்சையைக் கைவிடுவது ஆகாது. கீமோ நடக்கும்போதே வரலாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் கேளுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் செவிலியர்கள் இருக்கிறார்கள். அடுத்த சுற்று மருந்துக்குக் கடன் வாங்குமுன், அது எத்தனை நாள் தரும், எப்படிப்பட்ட நாள் தரும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

எல்லாம் முடிந்த பிறகு மீதி மாத்திரைகளை வீட்டில் வைக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். வாங்கிய இடத்திலேயே ஒப்படையுங்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மூத்த மகன் அந்த டப்பாவோடு வந்தார். 14 மாத்திரை இருந்தன. எண்ணிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன்.